தனபாக்கியத்துக்குக் கிடைத்த எக்ஸ்டென்ஷன்

1970ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு காலை, சாத்தம் தீவு மரமில் குடியிருப்பின் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, தனபாக்கியம் ஓர் அறிவிப்புச் செய்தாள்.

"எனக்கு ரிட்டயர்மெண்ட் ஆயிடுச்சு."

பெண்களுக்கு உடனே புரிந்தது. மாதவிலக்கு நின்று மூன்று மாதமாகிறது என்றாள். நாற்பத்திரண்டு வயது. மூத்தவள் ஜெயமணிக்குக் கல்யாணமாகி, படகேறிப் போகவேண்டிய ரங்கத் என்ற ஊரில் இருக்கிறாள், இப்போது முழுகாமலும் இருக்கிறாள். மகன் அழகேசன் பதினாறு, சின்னவள் மரகதம் பதினொன்று. இனிமேல் தன் உடம்பு தனக்கு என்று சொல்லிவிட்டு அன்றைக்கே வீட்டிலிருந்த தொட்டிலைத் தூக்கிப் பக்கத்து வீட்டு வங்காளத்து சபிதாவிடம் கொடுத்தாள். மில்லில் கழித்த படாக் மரத்தில் புருஷன் பரமசிவம் தன் கையால் செய்த தொட்டில் அது. மூன்று பிள்ளைகளும் அதில்தான் வளர்ந்தார்கள்.

மார்ச்சில் தலைசுற்றல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். லேடி டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அஞ்சு மாசம் முடிஞ்சாச்சே, இத்தனை நாள் எங்கம்மா போயிருந்தே?" என்று கேட்டார்.

பரமசிவம் மில்லில் ரம்பம் தீட்டுகிறவர். அதிகம் பேசாதவர். சாயங்காலச் சங்கு ஊதி, மரத்தூளோடு வீட்டுக்கு வந்தவரிடம் அவள் கதவுக்குப் பின்னால் நின்று விஷயத்தைச் சொன்னாள். அவர் காலைக் கழுவினார், முகத்தைக் கழுவினார், துண்டால் துடைத்தார்.

"ரிட்டயர் ஆனவளுக்கு எக்ஸ்டென்ஷன் குடுத்துட்டாங்க போல" என்றார்.

"சிரிக்காதீங்க. ஆம்பளைக்கு என்ன? துண்டை உதறிக்கிட்டு மில்லுக்குப் போயிடுவீங்க. குழாயடிக்கு நான்தானே போவணும்."

குழாயடி அவள் நினைத்த அளவுக்குப் படுத்தவில்லை. சபிதாவே தொட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினாள். "லே லோ திதி, மேரா வாலா அப் சல்தா ஹை" என்றாள். அவள் பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டதாம், தொட்டில் இனி வேண்டாமாம். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். தனபாக்கியத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அவளை உறுத்தியது வேறு. ஜெயமணிக்கு வளைகாப்புச் செய்து தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வரவேண்டியது தாய்தான். மகளுக்கு ஜூலையில் நாள். தாய்க்கும் ஜூலையில் நாள்.

ஜெயமணி பிறந்தது 1951 ஜூன் மழையில். கடலூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. பேச்சுத் துணைக்குத் தமிழ் தெரிந்த ஒருத்தி இல்லை. வலியில் "அம்மா, அம்மா" என்று அவள் கத்தியபோது, ஊரிலிருந்த அந்த அம்மாவுக்கு, மகளுக்குப் பிரசவம் நெருங்கிவிட்டது என்ற கடிதமே இன்னும் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. பிறந்தது பெண் என்று சொன்னவுடன் அவள் மனத்துக்குள் ஒன்றை முடிவு செய்துகொண்டாள். இவள் பிள்ளை பெறும்போது நான் பக்கத்தில் இருப்பேன். வேறு பெரிய ஆசை எதையும் அவள் அந்தத் தீவில் வளர்த்துக்கொள்ளவில்லை.

மே மாதம் வளைகாப்புக்கு ரங்கத் புறப்பட்டபோது ஏழு மாத வயிறு. சம்பந்தி வீட்டுக்குச் சொல்லி அனுப்பவில்லை. எப்படிச் சொல்வது? படகிலிருந்து இறங்கியதும் பழப்பையை இரண்டு கையாலும் வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள். அதே கோலத்தில் பஜாரைக் கடந்தாள். அதே கோலத்தில் சம்பந்தி வீட்டு வாசலில் நின்றாள்.

சம்பந்தியம்மா மீனாம்பாள் இராமநாதபுரத்துக்காரி. பஜாரில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம். எதிரே நிற்பவர் எவரையும் எடைபோட்டுப் பழகிய கண்.

"வாங்க சம்பந்தியம்மா. பையை இறக்கி வைங்க."

"இருக்கட்டுங்க."

"எம்புட்டு நேரம் சுமந்துக்கிட்டே நிப்பீக? பழந்தானே, நான் ஒண்ணும் ஓடிப்போக விடமாட்டேன்."

தனபாக்கியம் பையை இறக்கி வைத்தாள். வீட்டில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். ஜெயமணி அம்மாவின் வயிற்றைப் பார்த்தாள், தன் வயிற்றைப் பார்த்தாள், பிறகு சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"வளையல் போட வந்தவுகளுக்கும் சேத்துல்ல வளையல் வாங்கியிருக்கணும்" என்றாள் மீனாம்பாள்.

சடங்கு நன்றாகவே நடந்தது. சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வந்தபோது மீனாம்பாள் தணிந்த குரலில் சொன்னாள்:

"தப்பா நினைக்காதீக. ஒரு கூரைக்குக் கீழ ரெண்டு பிள்ளைத்தாச்சி இருக்கப்படாது. எங்க பக்கம் அதை யாரும் மீற மாட்டாக. மருமக இங்கேயே இருக்கட்டும். பிரசவத்தை நான் பாத்துக்கிடுதேன்."

பரமசிவம் தரையைப் பார்த்தார். மருமகன் உதயசூரியன் தன் தாயைப் பார்த்தான். ஜெயமணியின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

தனபாக்கியத்துக்கு எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. ஆனால் அன்று பேசினாள்.

"சம்பந்தியம்மா, நீங்க சொல்றது நெசந்தான். எங்க ஊர்லயும் சொல்லுவாங்க. ஆனா அங்க ஆளுக்கொரு வீடு, ஆளுக்கொரு கூரை. எங்க மில் லைன்ல ஆறு வீட்டுக்கும் சேத்து ஒரே தகரம்."

"நடுவுல சுவரு இருக்கும்ல?"

"இருக்கு, உச்சி வரைக்கும் இல்ல. அந்தக் கோடி வீட்டுல அப்பளம் பொரிச்சா இந்தக் கோடியில இருமுவோம்."

மீனாம்பாள் பாக்கை வாயில் போட்டபடியே யோசித்தாள்.

"அந்தத் தகரத்துக்கு அடியில பிள்ளைக பொறந்திருக்கா?"

"போன வருசம் எங்க பக்கத்து வீட்டு சபிதாவும் மூணாவது வீட்டுத் தெலுங்குப் பொண்ணும் ஒரே மாசத்துல பெத்தாங்க. ரெண்டும் இப்ப என் வாசப்படியில ஏறித்தான் மண்ணு தின்னுது. அதுக்கு முந்தின வருசம் மூணு பேரு. பாவம், இந்தக் கட்டுப்பாடு அந்தப் பிள்ளைங்க யாருக்கும் தெரியாது போலிருக்கு."

யாரோ சிரித்தார்கள். மீனாம்பாள் சிரிக்கவில்லை. தன் மருமகள் அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அவள் பார்த்தாள். பாக்கை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்:

"நான் வந்து அந்தக் கூரையைப் பாக்கணும்."

அடுத்த வாரப் படகில் மருமகளோடு அவளும் வந்து இறங்கினாள். கையில் ஒரு டின் நல்லெண்ணெய், ஒரு மூட்டை பூண்டு, ஒரு சேவல். வீட்டுக்கு நடுவில் நின்று அண்ணாந்து தகரத்தை நோட்டமிட்டாள். சுவரின் மேலிருந்த இடைவெளி வழியாக சபிதாவின் குரல் வந்தது. பின்னாலேயே அவள் பிள்ளையின் அழுகையும், கடுகு எண்ணெயில் மீன் பொரியும் வாசனையும் வந்தன.

"ஒரு கூரைதான்" என்று ஒத்துக்கொண்டாள். "ஆனா ரெண்டு வயித்துப்பிள்ளைக்காரிகளை இந்தப் புகையில தனியா விட்டுப்போக முடியாது. நானும் இருக்கேன். கடையை ஆம்பளைக பாத்துக்கிடட்டும்."

இப்படி, பெண்ணைப் பெற்றவள் செய்யவேண்டிய பிரசவ வேலைகளைப் பிள்ளையைப் பெற்றவள் வந்து செய்தாள். தாயையும் மகளையும் எதிரெதிரே உட்காரவைத்துச் சோறு போட்டாள். இருபது வருடமாகத் தானே வடித்து, தானே பரிமாறி, அடியில் தங்கியதைத் தின்று பழகிய தனபாக்கியத்துக்கு முதல் நாள் சோறு இறங்கவில்லை. சம்பந்தியம்மா கையால் பரிமாற, தான் உட்கார்ந்து தின்பதா என்று கூச்சம். எழுந்து தண்ணீர் மோக்கப் போனாள்.

"உக்காருங்க. எந்திரிக்கும்போது முட்டி ரெண்டும் மில்லு ரம்பம் மாதிரி சத்தம் போடுது. வயசான காலத்துல வயித்துல வாங்கினா அப்படித்தான்."

"நீங்க பேசுறதைக் கேட்டா வயித்துல இருக்கறதே வெக்கப்படும்."

"வெக்கப்படட்டும். பொம்பளப் பிள்ளையாத்தான் இருக்கும்."

பெண்தான். ஜூலை மூன்றாம் தேதி பிறந்தது. ருக்கு என்று பெயர் வைத்தார்கள். பதினாறாம் தேதி காலையில் ஜெயமணிக்கு வலி எடுத்தது. பச்சை உடம்போடு வெளியே போகக்கூடாது என்று மீனாம்பாள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கும்பிட்டுக் கேக்குறேன், வழி விடுங்க. நான் பெத்தப்ப எனக்கு யாரும் இல்ல" என்றாள் தனபாக்கியம்.

மீனாம்பாள் அவள் முகத்தைப் பார்த்தாள். ஒரு பழஞ்சேலையை எடுத்து அவள் வயிற்றில் இறுக்கிக் கட்டிவிட்டாள். ருக்குவைத் தானே தூக்கிக்கொண்டு கூடவே ஆஸ்பத்திரிக்கு வந்தாள்.

உள்ளே ஜெயமணி "அம்மா" என்று அலறினாள்.

"இங்கதாண்டி இருக்கேன்" என்றாள் தனபாக்கியம். பிற்பகல்வரை அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆண் பிள்ளை பிறந்தது. மூன்றாம் நாள் ஜெயமணிக்குக் காய்ச்சல் கண்டது. பால் சுரக்கவில்லை. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் பிள்ளை துப்பியது, அழுது அழுது குரல் கம்மியது. மீனாம்பாள் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தாள். தனபாக்கியம் ருக்குவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றாள், நகர்ந்தாள், மறுபடி வந்து நின்றாள்.

"கொண்டாங்க இப்படி" என்றாள் தனபாக்கியம்.

ருக்குவை மீனாம்பாள் மடியில் விட்டு, பேரனை வாங்கிக்கொண்டாள். பிள்ளை தடுமாறித் தேடி, பிடித்துக்கொண்டது. வராந்தாவில் அழுகை நின்றது.

மீனாம்பாள் ருக்குவைத் தட்டிக்கொடுத்தபடி வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வளைகாப்பு அன்னைக்கு நான் உங்களைப் பேசினதை மனசுல வச்சுக்கிடாதீக" என்றாள்.

"வச்சுக்க இடமில்லீங்க. மூணு மாசமா உங்க சோறுதான் இருக்கு."

"ரெண்டு மாசந்தான் ஆச்சு."

"தின்னதுக்கு மூணு மாசக் கணக்குதான்."

ஒரு வாரத்தில் காய்ச்சல் இறங்கியது, மகளுக்கும் பால் ஊறியது. அதுவரை இரண்டு பிள்ளைகளும் ஒரே மார்பில் வளர்ந்தன. சபிதாவும் அடிக்கடி வந்து, பிள்ளைகளை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு, இதில் எது சித்தி, எது பேரன் என்று கேட்டுக் குழப்பிவிட்டுப் போவாள். தனபாக்கியத்துக்கு இடுப்பு விட்டுப்போயிற்று, முன்தலையில் நரை பளிச்சென்று தெரிந்தது, கடைவாய்ப் பல் ஒன்று விழுந்தது. கேட்டவர்களிடம் எல்லாம், எக்ஸ்டென்ஷனில் இருப்பவர்களுக்குச் சலுகை கிடையாது என்று சொன்னாள். கடலைப் பார்த்து உட்கார்ந்து பால் கொடுக்கும் நேரங்களில், இந்த ஊர் தனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று அவளுக்குத் தோன்றும்.

அக்டோபரில் மழை விட்டதும் மீனாம்பாள் மருமகளையும் பேரனையும் அழைத்துக்கொண்டு ரங்கத் கிளம்பினாள். பரமசிவம் படகில் பெட்டிகளை ஏற்றினார். ஜெயமணி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள், தனபாக்கியமும் அழுதாள். மீனாம்பாள் மட்டும் சேலையைச் செருகிக்கொண்டு படகில் ஏறி, இடம் பிடித்து உட்கார்ந்தபிறகு குரல் கொடுத்தாள்.

"சம்பந்தியம்மா, தைப்பொங்கலுக்கு வந்திரணும். பத்து நாள் இருக்கணும். அடுப்புப் பக்கம் உங்களை அண்ட விடமாட்டேன்."

"வரேன்."

"சும்மா வந்தாப் போதும். மறுபடி எதையாச்சும் வாங்கிக்கிட்டு வந்திராதீக."

படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பரமசிவம் அவசரமாகத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இடுப்பில் ருக்குவோடு தனபாக்கியம் சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்துக்கொண்டு, படகைப் பார்த்து அழத் தொடங்கியது.