அப்பா அடிக்கிற மருந்து

பள்ளிக்கூடக் கேண்டீன்காரிக்கு வியாபாரம் இருபது நிமிஷம்தான். மீதி நேரம் முழுக்கத் தவிப்பு. மீ கோரெங் நூடுல்ஸ் ஆறிவிடுமா, மழை பிடித்துப் பிள்ளைகள் வகுப்பிலேயே அடைந்துவிடுவார்களா என்று அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். பிள்ளை பெற்ற உங்களுக்கும் அந்த நடை தெரிந்திருக்கும். இந்த வருஷம் என் நடைக்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. திரிங்காப்பில் காய்கறித் தோட்டத்தில் வேலை செய்யும் என் வீட்டுக்காரருக்கு அடிக்கடி தலை சுற்றியது. கேட்டால், பனி என்பார். கேமரன் மலையில் எதற்கும் பனிமேல் பழி போடலாம். அது வந்து மறுத்துப் பேசாது.

எத்தனை கரண்டி?

எங்களுடையது தேயிலைத் தோட்டத்துச் சின்னப் பள்ளி. மூன்றாம் ஆண்டுக்கு வரும் கோமதி டீச்சர், சுகாதாரப் பாடத்தில் காலித் தின்பண்ட டப்பாக்களைக் கொடுத்துப் பின்பக்கம் எழுதியிருக்கும் சீனிக் கணக்கை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். வாசித்த வாய் சும்மா இருக்குமா? ஓய்வு மணி அடித்ததும் நான் சர்பத் மாதிரி கலக்கி விற்கும் சிராப் தண்ணி வாளிக்கு முன்னால் வரிசை நின்றது. வாங்குவதற்கில்லை, விசாரிப்பதற்கு.

முதல் ஆள் என் மகள் தர்ஷினி. வீட்டில் நான் அம்மா. கேண்டீனில் மற்ற பிள்ளைகளைப் போல அவளும் என்னை அக்கா என்பாள். இதில் எத்தனை கரண்டி சீனி என்று கேட்டாள். நான் கரண்டி வைத்து அளப்பதில்லை, கையால் அள்ளிப் போடுகிறவள் என்று சமாளித்தேன். அவள் என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்போ ஒங்க கை எத்தனை கரண்டிக்கா?"

பனிக்கு வாசம் உண்டா?

அடுத்த வாரம் மருந்தைப் பற்றிப் பாடம். அளவு பார்த்துக் குடிக்கணும், எழுதியிருப்பதை வாசிக்காமல் எந்தப் போத்தலையும் திறக்கக்கூடாது என்றெல்லாம். வீட்டில் யாருக்காவது தினமும் மருந்து உண்டா என்று டீச்சர் கேட்டிருக்கிறார். இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு என்று பதில் வரும் என எதிர்பார்த்தாராம். பாதி வகுப்பு கை தூக்கிவிட்டது. எல்லாம் அப்பாமார்கள் கணக்கில். எங்கள் வாயில் காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து, முட்டைக்கோசுக்கு அடிப்பதும் மருந்துதானே. தர்ஷினி எழுந்து, அப்பா முதுகில் மாட்டிக்கொண்டு அடிப்பார், வீட்டுக்கு வந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவார், நாங்கள் சத்தம் போடக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள்.

டீச்சர் இதை என்னிடம் தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார். நான் வழக்கம்போல, அது பனி டீச்சர் என்றேன். அவர் குவளையைக் கீழே வைத்தார்.

"பனிக்கு வாசம் இருக்காதும்மா. அவரு சட்டையில இருக்கா?"

மண்டையோடு

இருந்தது. துவைத்தாலும் போகாத ஒரு வாசம். அன்றிலிருந்து அந்தச் சட்டைக்குத் தனி வாளி வைத்தேன். கிளினிக் போகலாம் வாங்க என்று நச்சரித்தேன். போனால் டாக்டர் ஏதாவது சொல்லுவார், சொன்னால் தோட்டத்து முதலாளி, அந்தத் தவுக்கே, வேறு ஆளைப் போட்டுக்கொள்வார் என்று இவர் பேச்சை முடித்துவிட்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தர்ஷினி வேறு வழியில் இறங்கினாள். தோட்டத்தில் மிஞ்சிய மருந்தை இவர் என் காலி சிராப் போத்தலில் ஊற்றி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மிளகாய்ச் செடிக்குக் கொண்டுவருவார். அந்தப் போத்தலில் ஒட்ட அவள் ஒரு மண்டையோடு வரைந்தாள். எது அந்தப் போத்தல் என்று அவளுக்குத் தெரியவில்லை, திறந்து பார்க்கவும் கூடாதென்பதுதான் பாடமாச்சே. ஆகவே சமையல்கட்டில் இருந்த சிராப் போத்தல் அத்தனையிலும் ஒவ்வொன்று ஒட்டிவிட்டாள்.

மறுநாள் விடியாத நேரம், படம் தெரியாத இருட்டில், எனக்கு உதவியாக இவரே போத்தல்களைப் பையில் அடுக்கித் தந்தார். கேண்டீனில் வெளியே எடுத்தால் வரிசையாக மண்டையோடு பல்லைக் காட்டுகிறது. சிரித்துக்கொண்டேதான் ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து முகர்ந்தேன். மூன்றாவதில் அந்தச் சட்டை வாசம் அடித்தது. அதை இறுக மூடி எட்டத்தில் கொண்டுபோய் வைத்தேன். படம் மட்டும் இல்லாவிட்டால், பேசிக்கொண்டே வாளியில் கவிழ்த்திருப்பேன். மற்றதையும் எடுக்கவில்லை. அன்று எல்லாருக்கும் வெந்நீர்தான். ஒன்றாம் ஆண்டுக் குட்டி ஒருத்தி மேசைமேல் நின்ற போத்தல்களை எட்டிப் பார்த்துவிட்டு, என்னை நம்பி, அமைதியாகக் கேட்டாள்.

"எதக் குடிச்சா சாக மாட்டோம்க்கா?"

வரிசையில் பெரிய ஆள்

சாயங்காலம் இவரிடம் நடந்ததைச் சொன்னேன். அன்று ராத்திரிச் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டார். அந்த வாரமே பிள்ளைகளின் உடம்பைப் பார்க்கப் பள்ளிக்கு மிஸ்ஸி வந்தார், மலாய்க்கார நர்ஸ். கேண்டீன் அடுப்புக்குக் கேஸ் தோம்பு இறக்க வந்த இவரைத் தர்ஷினி இழுத்துப்போய் மூன்றாம் ஆண்டு வரிசையில் நிறுத்தினாள். இடுப்பு உயரத்துப் பிள்ளைகளுக்கு நடுவில் மனுஷர் கூச்சத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் விலகிப் போகவில்லை. நான் கரண்டியோடு தூணுக்குப் பின்னால்.

என்ன வேலை என்று மிஸ்ஸி மலாயில் கேட்டார். இவரும் மலாயில், ராச்சுன் அடிக்கிற வேலை என்றார். மலாயில் அதற்கு அந்தப் பேர்தான். ராச்சுன் என்றால் விஷம். தினமும் தவுக்கேயிடம் பேசுகிற வார்த்தை, இவருக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. மிஸ்ஸி பேனாவை நிறுத்திவிட்டு இவர் கண்ணைக் கவனித்துப் பார்த்தார். தர்ஷினி அப்பாவின் விரலை ஆட்டினாள்.

"நம்மகிட்ட மட்டும் ஏம்ப்பா மருந்துன்னு சொன்னீங்க?"

மிஸ்ஸி எழுதிக் கொடுத்த சீட்டோடு போனோம், தானா ராத்தா ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தோல் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது, கொஞ்ச காலத்துக்குத் தெளிக்கவே கூடாது என்றார்கள். தவுக்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இவரைத் தக்காளி அடுக்குகிற கொட்டகைக்கு மாற்றினார். தலை சுற்றல் குறைந்திருக்கிறது. இன்னொரு முறை ரத்தம் பார்க்கணுமாம், அதுவரை நான் நடந்துகொண்டுதான் இருப்பேன். மிளகாய்ச் செடி பூச்சி தின்று பாதியாய் நிற்கிறது, நிற்கட்டும்.

காலையில் நான் பள்ளிக்கு அனுப்புவது என்னவோ ஒரு மூன்றாம் ஆண்டுப் பிள்ளையைத்தான், சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி வருவதுதான் சுகாதார இலாகாவாக இருக்கிறது.