கப்பி

1. மராத்தி பேசும் வாகட்டில் நான் பொறியாளராக இருந்த கட்டடத்தில், கயிறு இழுத்துக் கலவை வாளியை மாடிக்கு ஏற்றுபவர் காலையில் வந்து, "கப்பி சரியில்லம்மா, மாத்தணும்" என்றார்.
2. "சாயங்காலம் மாத்திடலாம். அதுவரைக்கும் இருக்கிறதை வச்சு ஓட்டுங்க அண்ணே" என்றேன்.
3. மதியத்துக்கு முன் கப்பி உடைந்து, வாளி அவர் தோளில் விழுந்தது.

எங்கள் ஊரில் கப்பி என்றால் சாலைக்குப் போடும் உடைகல். கயிறு ஓடும் சக்கரம் எங்களுக்கு ராட்டினம். வந்திறங்கிய கல்லில் மண் கலந்திருப்பதைச் சொல்கிறார் என்று நினைத்து, 'கல் லோடு, திருப்பி அனுப்பவும்' என்று குறித்துக்கொண்டேன்.

நரைத்த மீசை, தலையில் துண்டு. ஒவ்வொரு முறையும் இழுப்பதற்கு முன் கயிற்றைச் சுண்டிவிட்டுத் தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்பார். அன்றும் கேட்டிருப்பார்.

மராத்தியிலும் அந்தச் சக்கரத்துக்குக் கப்பி என்றே பெயர். ஆஸ்பத்திரியில் கேட்டேன்: "சூப்பர்வைசர்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"அவருகிட்ட மராத்தியில சொல்லணும். நீங்க நம்ம பாஷை, தப்பில்லாம புரியும்னுதாம்மா உங்ககிட்ட வந்தேன்."

அவருடைய வலது கை இப்போது தோளுக்கு மேல் எழுவதில்லை. புதுக் கப்பியில் வேறொருவர் இழுக்கிறார். தெரிந்தேதான் ஓட்டச் சொன்னேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் இன்னும் திருத்தவில்லை.