ஒரு பருவத்துக்கு ஒரு ஞானத்தகப்பன்

எங்கள் ஊர் ஆண்களுக்கு வெட்கம் கிடையாது என்று நான் சொன்னால் என் மனுசன் கோபிப்பார். கோபிக்கட்டும். அவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முல்லைத்தீவுக் கரையில், கடலுக்கும் களப்புக்கும் நடுவில் இருக்கிற ஊர் எங்களுடையது. ஞாயிற்றுக்கிழமையில் ஒருவரும் தொழிலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து வயிறு நிறையச் சாப்பிட்டதும் ஆண்கள் எங்கள் வளவுப் பூவரசுக்குக் கீழே வலையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டு பொத்தல் அடைப்பார்கள். ஞாயிறு வேலை செய்வது பாவம். ஆனால் வலை பொத்துவது வேலை இல்லை என்று அவர்களே தங்களுக்குள் தீர்மானித்துக்கொண்டார்கள். கை வலையில் இருக்கும், வாய் பந்தில் இருக்கும். என் மனுசன்தான் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் கோல்கீப்பர். அதனால் அந்தக் கூட்டம் எங்கள் வளவை விட்டுப் போகாது, தேத்தண்ணி ஊற்றுகிற என் கையும் ஓயாது.

அந்த வருசம் அவர்களுக்கு வந்த விசர், மன்னார்க் கரையிலிருந்து ஒரு பழைய ஆட்டக்காரரைக் கழகத்துக்கு எடுப்பது. ஒரு காலத்தில் அவர் காலில் பந்து பட்டால் வலை கிழியும் என்பார்கள். அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இப்போது அவர் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பந்து பழக்கிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பெடியன்கள் நன்றாக ஓடுகிறவர்கள், ஆனால் கப் வந்து கனகாலம். ஆகவே ஓட முடியாத ஒருவரைக் கொண்டுவருவதென்று முடிவு.

"நாப்பது தாண்டின ஆளடா, என்னத்துக்கு?" என்றார் ஒருவர், ஊசியில் நூலைக் கோர்த்தபடி.

"வெளிநாட்டிலயே பெரிய பெரிய கழகமெல்லாம் கிழவன்மாரைத்தான் எடுக்குது. போனில பாக்கிறேல்லையோ?" என்றார் கழகச் செயலாளர். "அந்தாள் ஓட வேண்டாம். நிண்டாக் காணும். பிறீக்கிக் ஒண்டு கிடைச்சாக் கோல்தான்."

"நிக்கிறதுக்கெண்டா கோயில் வாசல் சுரூபத்தைக் கொண்டுபோய் நிறுத்தலாமே. அது சாப்பாடும் கேக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். குசினிக்குள் இருந்த நானும் சிரித்தேன். அதுவரைக்கும் அது எனக்கும் ஒரு பகிடிதான்.

சிக்கல் போட்டி விதியில் இருந்தது. அந்தக் கப் கோயில் பங்குகளுக்கு இடையிலான போட்டிக்கு. பிறப்பாலோ கலியாணத்தாலோ ஞான உறவாலோ பங்கைச் சேர்ந்தவர்தான் ஆடலாம். முதல் இரண்டும் எல்லா இடத்திலும் உள்ளவை. மூன்றாவதைச் சண்டைக்குப் பிறகு இருந்த ஒரு பாதர் சேர்த்துவிட்டார். தாய் தகப்பன் இல்லாமல் போய், ஞானஸ்நானத்தில் தங்களை ஏந்தி நின்ற ஞானத்தாய், ஞானத்தகப்பன் வீடுகளில் ஒட்டிக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள் அப்போது ஊருக்கு ஊர் இருந்தார்கள். எந்த ஊர்ப் பிள்ளை என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் மைதானத்துக்கு வெளியே நின்ற அந்தப் பிள்ளைகளை உள்ளே எடுக்கத்தான் அந்த ஒரு வரி.

நானும் அப்படி வளர்ந்தவள். கடைசிச் சண்டையில் அப்பாவும் அம்மாவும் போன பிறகு, முகாமில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவர் என் ஞானத்தாய். அவருடைய மகனைத்தான் நான் அண்ணை என்று கூப்பிட்டு வளர்ந்தேன். மற்ற இடங்களில் ஞானப்பெற்றோர் என்றால் படத்துக்கு நிற்கிற ஆட்களாக இருக்கலாம். எனக்கு அப்படி இல்லை. நாங்கள் இல்லாமல் போனால் என் பிள்ளை யார் வீட்டுச் சோற்றைத் தின்னும் என்பதுதான் என் கேள்வி. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே ஞானத்தகப்பனாக நிற்கச் சொல்லி அண்ணையிடம் கேட்டு வைத்திருந்தேன். அவரும் ஓம் என்று சொல்லியிருந்தார்.

செயலாளர் அந்த வரியைத் தலைகீழாகப் பிடித்தார். எங்கள் பங்குப் பிள்ளை ஒன்றுக்கு ஞானத்தகப்பனாக நின்றுவிட்டால் மன்னார்க்காரரும் ஞான உறவால் எங்கள் ஆள்தானே? பூவரசுக்குக் கீழே ஒருவர் விசில் அடித்தார். ஒருவராவது சீ என்று சொல்லவில்லை. அப்போது ஊரில் ஞானஸ்நானம் கொடுக்காத பிள்ளை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது.

பின்னேரம் என் மனுசன் குசினி வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"கோவிக்காத. இந்த ஒரு வருசம் மட்டும்தானே" என்றார்.

"ஒரு வருசமோ? நாளைக்கு எனக்கும் உங்களுக்கும் ஒண்டு நடந்தா, பிள்ளையை ஆரிட்டக் குடுக்கிறது? செயலாளரிட்டயோ?"

"சும்மா கண்டதையும் கதையாத. அவர் வந்து ஒருக்கா நிண்டிட்டுப் போவார். உன்ர அண்ணைதான் பிறகும் எல்லாம் பாப்பார்."

"அண்ணை இதுக்கு விடமாட்டார்" என்றேன்.

நம்பித்தான் சொன்னேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணை வீட்டுக்குப் போனேன். அவர் கதிரையில் இருந்து போனில் யாரோ அடித்த கோல் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்காமலே பதில் சொன்னார்.

"நான் விட்டுக் குடுத்திட்டன் தங்கச்சி. எங்கட ஆக்கள் கப் தூக்கி எத்தின காலம்? அந்தாள் இருந்தா இந்த முறை எடுக்கலாம்."

அவருடைய தாய் என்னைக் கூட்டிக்கொண்டு வந்த முற்றத்தில் நின்றுதான் இதைக் கேட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. அருவருப்பு வந்தது. அழுகிய மீன் கூடையின் மூடியைத் திறந்து பார்த்தால் எப்படி இருக்கும், அப்படி. ஊரில் வேறு இரண்டு பேரிடமும் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் கழகத்தின் பின்கள வீரர். மற்றவர் அவருடைய தகப்பன். இரண்டு பேரும் பல்லை இளித்தார்கள். பாதர் ஊருக்குப் புதியவர். பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நிற்க மன்னாரிலிருந்து ஆள் வருவதைக் கேட்டுச் சந்தோசப்பட்டார். அவரிடம் உள்ளதைச் சொல்லப் போனேன். எனக்கு முன்னே என் மனுசனும் செயலாளரும் அண்ணையும் வரிசையாக அங்கே இருந்து, பாதரோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன். பிள்ளை பெற்றவளின் மனச்சோர்வு என்று செயலாளர் எனக்காக இரங்கினார்.

ஞானஸ்நானத்தன்று அந்த மனிதரை முதன்முதலில் பார்த்தேன். வயிறு சட்டையைத் தள்ளிக்கொண்டு நின்றது. முழங்காலில் தடவிய மருந்தெண்ணெய் மணம் அவர் வருவதற்கு முன்னே கோயிலுக்குள் வந்துவிட்டது. தலைக்குக் கன்னங்கரேலென்று புதுச் சாயம். கோயிலுக்குள் வெக்கை. பிள்ளையை அவர் கையில் கொடுத்தபோது நெற்றியிலிருந்து வேர்வை கறுப்பாக வடிந்து பிள்ளையின் சட்டைத் தோளில் சொட்டியது. என் கலியாணச் சாரியில் வெட்டி நானே தைத்த வெள்ளைச் சட்டை அது. அண்ணை மூன்றாவது வாங்கில் சாய்ந்து இருந்து எல்லாவற்றையும் போனில் பிடித்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்த பிறகு மன்னார்க்காரர், "பாதர், இனி நான் என்ன செய்ய வேணும்?" என்று கேட்டார்.

"நீங்கள் ஒண்டும் செய்ய வேண்டாம், சனிக்கிழமை நேரத்துக்கு வந்தாச் சரி" என்று செயலாளர் முந்திக்கொண்டார்.

பாதர் சிரித்துவிட்டு, "பிள்ளையை மறக்காமல் இருந்தால் போதும்" என்றார். மன்னார்க்காரர் தலையை ஆட்டினார். நல்ல நடிப்பு என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு அவரைக் கண்டாலே பிடிக்கவில்லை.

அரையிறுதியில் அவர் நின்றார். செயலாளர் சொன்னபடியே நின்றுகொண்டுதான் இருந்தார். பந்து அவரைக் கடந்து போகும், இவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கடைசியில் பிறீக்கிக் ஒன்று கிடைத்தது. அவர் அடித்த பந்து சுவர் போல நின்றவர்களுக்கு மேலால் வளைந்து வலைக்குள் இறங்கியது. அவ்வளவுதான். தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கோயிலைச் சுற்றி வந்தார்கள். அண்ணை அவருடைய காலைத் தொட்டு முத்தமிட்டார். எங்கட ஆள், எங்கட ஆள் என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். என் மனுசன் வீட்டுக்கு வந்து, "பாத்தியோ?" என்றார். நான் பார்த்தேன்தான்.

இறுதிப்போட்டிக்குப் பிள்ளையோடு நானும் போனேன். ஞானத்தகப்பனுக்குப் பிள்ளையைக் காட்டினால் வெற்றி வரும் என்று செயலாளரின் மனுசி வந்து நின்று கூட்டிக்கொண்டு போனா. அதற்கும் என் பிள்ளைதான். மைதானத்துக் கயிற்றுக்கு வெளியே வெயிலில் நின்றேன். மன்னார்க்காரருக்கு நல்ல சந்தர்ப்பம் ஒன்று வந்தது. மற்றப் பக்கத்துக் கோல்கீப்பரும் விழுந்து கிடந்தார், வலை திறந்து கிடந்தது. காலை வீசினார். பந்து எங்கோ போனது, முழங்கால் மடிந்து அவர் விழுந்தார். கொஞ்ச நேரத்தில் மற்றப் பக்கத்தார் அடித்த பந்து, ஊர்ந்து வந்த பந்து, என் மனுசனின் இரண்டு கால்களுக்கும் நடுவால் உள்ளே போனது. அதைப் பற்றி இன்றுவரை ஒருவரும் வாய் திறந்ததில்லை.

தோற்றதும் கூச்சல் கிளம்பியது. கிழடு என்றார்கள். சாயத்தலையன் என்றார்கள். ஒருவர் தண்ணீர்ப் போத்தலை எறிந்தார். எல்லோரிலும் பெரிய குரல் அண்ணையுடையது. என் மனுசன் கையுறையைக் கழற்றி நிலத்தில் அடித்து, "இந்தக் கிழவனாலதான்" என்று கத்தினார். காலை முத்தமிட்ட அண்ணையின் வாய்தான் கிழடு என்றும் கத்தியது.  

அவர் காலை இழுத்து இழுத்து வெளியே வந்தார். யாரும் கதிரை கொடுக்கவில்லை. நாங்கள் நின்ற இடத்துக்கு வந்தார், இருக்கவில்லை. வெயில் விழுகிற பக்கமாகச் சுற்றிப் போய் நின்றார்.

"பிள்ளையின்ர முகத்தில வெயில் படுது" என்றார்.

அவருடைய நிழல் பிள்ளையின் மேல் விழுந்தது. அந்தப் பெரிய வயிறு அதற்காவது உதவியது. பஸ் நேரம் வருமட்டும் அப்படியே நின்றார். அவரைப் பஸ்ஸுக்கு விட ஒரு மோட்டார் சைக்கிளும் வரவில்லை. நடந்துதான் போனார். அப்போதும் எனக்கு அவரில் இரக்கம் வரவில்லை. இவர்களில் வந்த வெறுப்புக்கே என் நெஞ்சில் இடம் போதவில்லை.

அடுத்த ஞாயிறு பூவரசுக்குக் கீழே வேறு ஒரு பழைய ஆட்டக்காரரைப் பற்றிக் கதை தொடங்கியது. இவர் யாழ்ப்பாணப் பக்கமாம், முழங்கால் நல்லதாம். நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது செயலாளர் நிமிர்ந்து பார்த்தார்.

"பிள்ளை, அந்தாளை நாங்கள் விட்டிட்டம். நீயும் விடு. இனி உன்ர அண்ணையே ஞானத்தகப்பனா இருக்கட்டும். பாதரோட நான் கதைக்கிறன்."

"ஓம் தங்கச்சி, இனி நான் நிக்கிறன்" என்றார் அண்ணை, வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நிண்டிருக்க வேண்டிய அண்டைக்கு நீங்கள் வாங்கில இருந்தனீங்கள், அண்ணை" என்றேன். "ஞானத்தகப்பனை மாத்துறதுக்கு இதென்ன பந்தாட்டமோ?"

 தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார்கள்.

அன்று பின்னேரம் மன்னாரிலிருந்து போன் வந்தது. பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாச்சா என்று கேட்டார். போட்டாச்சு என்று வைத்துவிட்டேன். மறு ஞாயிறும் வந்தது, அதற்கு அடுத்த ஞாயிறும் வந்தது. பந்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிள்ளை குப்புறப் படுக்கிறாவோ, பால் குடிக்கிறாவோ, இருமல் சுகமோ, இவ்வளவுதான் கேட்பார். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமையில் போனைக் குசினி அலுமாரிக்கு மேல், கைக்கெட்டுகிற இடத்தில் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன். ஒரு நாள் பல் முளைத்துவிட்டது என்று சொன்னேன். "அப்ப பல்லுக்கொழுக்கட்டை கொட்டேக்க நான் வர வேணுமெல்லோ" என்றார்.

வவுனியாவில் பஸ் மாறி, நொண்டி நொண்டி வந்து சேர்ந்தார். தலையில் சாயம் இல்லை, முழுக்க நரை. முற்றத்தில் பாய் விரித்து, கறை பட்ட அந்த வெள்ளைச் சட்டையைத்தான் பிள்ளைக்குப் போட்டு இருத்தியிருந்தேன். எத்தனை தரம் தோய்த்தும் அந்தக் கறுப்புப் போகவில்லை. பிள்ளை எதை எடுக்கிறது என்று பார்க்க முன்னால் புத்தகம், பேனை, காப்பு எல்லாம் வைத்திருந்தோம். என் மனுசன் நடுவில் ஒரு பந்தையும் கொண்டுவந்து வைத்தார். மன்னார்க்காரர் அதைப் பார்த்துவிட்டு, நல்ல காலால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார். பந்து உருண்டு வேலிப் பக்கம் போனது.

பிள்ளையின் தலைக்கு மேல் வெள்ளைத் துணி பிடித்தார்கள். அந்தத் துணியில் கொழுக்கட்டையை யார் கொட்டுவது? தாய்மாமன் முறைக்குத் தான்தான் என்று அண்ணை முன்னால் வந்து கொழுக்கட்டை இருந்த சுளகுக்குக் கையை நீட்டினார்.

"நீங்கள் விட்டுக் குடுத்திட்டீங்கள், அண்ணை" என்றேன்.

சுளகை மன்னார்க்காரரிடம் கொடுத்தேன். அவர் ஒரேயடியாகக் கவிழ்த்தார். கொழுக்கட்டைகள் பாதி துணியிலும் பாதி பாயிலும் விழுந்தன. பிள்ளை சிரித்தது.

பிறகு எல்லோரும் வட்டமாக இருந்து சாப்பிட்டார்கள். அண்ணையும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். செயலாளர் வாய்க்குள் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டே, பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சியின் பக்கம் திரும்பினார்.

"எத்தினையாம் மாசம், பிள்ளை?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் போய்ச் செயலாளரின் கையிலிருந்த தட்டைப் பறித்துக்கொண்டு குசினிக்குள் போனேன். அதில் இன்னும் கொழுக்கட்டை மிச்சம் இருந்தது.