கதவுக்குள் பாட்டு, வாசலில் அப்பா

காரை ஓட்டுகிறவனுக்கு ரோடு தெரிந்தால் போதும். காருக்குப் பாட்டு வைக்கிறவனுக்குக் கதவின் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் தெரிய வேண்டும். கண்ணாடி எதுவரை இறங்கும், கைப்பிடிக் கம்பி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாமல் ஸ்பீக்கருக்கு ஓட்டை வெட்ட ரம்பத்தை எடுத்தால் அவ்வளவுதான். கதவுப் பலகையைக் கழற்றித் திரும்ப மாட்டிய பிறகு நாலு ஸ்க்ரூ மிச்சமிருப்பதைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட சக பாவிகளே, உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் கல்கத்தாவில், டாக்குரியா ஸ்டேஷன் பக்கம் ஒரு கெடிகாரக் கடையின் முன்பாதியை வாடகைக்குப் பிடித்து இந்தத் தொழிலைத் தொடங்கினேன். கார் ரோட்டோரம் நிற்கும், நான் கதவோடு நிற்பேன். அப்பா ரயில்வே ஆபீசில் கிளார்க். பிள்ளையும் பரீட்சை எழுதி அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது அவர் கட்சி. பல நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு ஓர் உடன்படிக்கைக்கு வந்தார். "துர்கா பூஜை சஷ்டி வரைக்கும் டயம் தரேன். நீ ஒயர் பண்ணின கார் ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு, கம்ப்ளெயிண்ட்டோட திரும்பி வந்துடுத்துன்னா மறுநாளே அப்ளிகேஷன் போட்டுடணும்." தினமும் சாயங்காலம் ரயிலை விட்டு இறங்கியதும் கடை வாசலில் நின்று ஒரே கேள்வி கேட்பார்: "இன்னிக்கு யாராவது திரும்பி வந்தாளா?" அந்த மூன்று மாதமும் ஒவ்வொரு ஹாரன் சத்தத்துக்கும், திரும்பி வந்த கார்தானா என்று தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

காருக்கு வெளியே பாடியவர்

பாலிகஞ்சில் ஒரு பேராசிரியர். அம்பாசிடர் கார், ரவீந்திர சங்கீதப் பைத்தியம். முன்கதவுகள் இரண்டிலும் ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிபயர். கார் போன பிறகு ராத்திரி சாப்பாட்டில் உட்கார்ந்தபோதுதான் சுரீரென்றது: இடது கதவில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அப்படிக் கொடுத்தால் ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது இன்னொன்று இழுக்கும். பாட்டில் கனம் போய்விடும், குரல் எந்தத் திசையிலிருந்து வருகிறதென்றே தெரியாது. அவர் என்னைத் தேடி வருவதற்குள் நான் அவரைத் தேடிப் போய்விட வேண்டும் என்று, விடிந்ததும் விடியாததுமாக ஸ்க்ரூ டிரைவரோடு சைக்கிளை மிதித்தேன்.

பேராசிரியர் காருக்குள்ளேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, ஐந்தே நிமிஷத்தில் சரிசெய்து விடுகிறேன் என்று கதவில் கை வைத்தேன். மனிதர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தொடாதேப்பா! முன்னெல்லாம், பழைய செட்டிலே, பாடறவர் என் மடியிலேயே உட்கார்ந்து பாடுவார். இப்பதான் மரியாதையா வெளியே போய் நின்னு பாடறார்."

மாஷிமாவின் கண்ணாடி

தெருவில் எல்லோரும் மாஷிமா, அதாவது சித்தி, என்று கூப்பிடும் ஓர் அம்மாளின் பியட். பின்கதவின் பலகையைக் கழற்றினால், ஜன்னல் இடுக்கு வழியாக விழுந்த ஒரு சீப்பு, இரண்டு டிராம் டிக்கெட், தங்க பிரேம் போட்ட மூக்குக் கண்ணாடி. நாலு வருஷமாகக் காணாமல் போயிருந்த கண்ணாடியாம். கொண்டாடுவாள் என்று துடைத்து நீட்டினேன். அந்த அம்மாள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு ரோட்டோரத்திலேயே இடிந்துபோய் உட்கார்ந்தாள். "ஐயோ, நாலு வருஷமா மருமகளைத் திட்டினதெல்லாம் வீணாப் போச்சே!"

வியாதியை அமுக்காதே

இது நிஜமாகவே ஆபத்தான கேஸ். ஆம்ப்ளிபயரின் எர்த் ஒயரைக் காரின் உடம்பில் பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு இறுக்க வேண்டும். கொஞ்சம் தளர்ந்தாலும் எஞ்சினின் சத்தம் ஸ்பீக்கரில் ஏறிவிடும். ஆக்ஸிலரேட்டரை அழுத்த அழுத்த "ஊய்ய்ய்" என்று கொசு சாதகம் பண்ணும். அந்த ஊளையோடு, நான் ஒயர் பண்ணிக் கொடுத்த காரில், ஒரு ஹோமியோபதி டாக்டர் சாயங்காலம் ஐந்தரைக்கு வந்து நின்றார். அப்பாவின் ரயில் ஐந்து ஐம்பதுக்கு.

நான் ஸ்பானரோடு குனிவதற்குள் டாக்டர் நோட்டைப் பிரித்தார். "காலையில் அதிகமா, மாலையில் அதிகமா? குளிர்ந்த காற்று பட்டால் கூடுமா? இடது பக்கமா, வலது பக்கமா?" எல்லாவற்றுக்கும் நான் சீட்டுக்கு அடியிலிருந்தே பதில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே எர்த் ஸ்க்ரூவை இரண்டு சுற்று இறுக்கினேன். ஊளை நின்றுவிட்டது. டாக்டர் முகம் மாறியது; அறிகுறியை அமுக்கினால் வியாதி உள்ளே போய்விடும் என்பது ஹோமியோபதி சட்டம். அதற்குள் அப்பா வாசலில் வந்து நின்று, "இவர் திரும்பி வந்தவரா?" என்று கேட்டார். டாக்டரே என்னைக் காப்பாற்றினார். நோட்டை மூடி, என் முதுகில் தட்டி, அப்பாவிடம் சொன்னார்: "இல்லை மோஷாய், நோயாளி உங்க பையன். வியாதி தானா வெளியே வந்துட்டிருந்தது, அவசரப்பட்டு அமுக்கிட்டான். நான் வைத்தியம் சொல்லத்தான் வந்தேன்."

தோற்ற கட்சி தள்ளாது

கல்கத்தாவில் இருந்தவர்களுக்கு லோட்ஷெட்டிங் என்கிற கரண்ட் கட்டைப் பற்றியும் சொல்ல வேண்டாம், ஜெயித்தால் இலிஷ் மீன் சமைக்கும் கட்சிக்கும் சிங்கிடி என்கிற இறால் சமைக்கும் கட்சிக்கும் நடக்கும் புட்பால் மேட்சைப் பற்றியும் சொல்ல வேண்டாம். இரண்டும் ஒரே நாளில் வந்தால் என்ன ஆகும்? எங்கள் தெருக் கான்ட்ராக்டர் ஒருவர், நான் ஆம்ப்ளிபயர் வைத்துக் கொடுத்த காரைச் சந்தியில் நிறுத்தி, நாலு கதவையும் விரியத் திறந்துவைத்து ரேடியோவில் வர்ணனையைப் போட்டார். கரண்ட் இல்லாத தெரு முழுக்க அங்கே கூடிவிட்டது. எஞ்சின் ஓடவில்லை, ஆம்ப்ளிபயர் மட்டும் ஓடியது. சிங்கிடிக் கட்சி ஒரு கோல் போட்டு ஜெயித்ததும் பேட்டரி உயிரை விட்டது.

காரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண வேண்டும். இல்லாவிட்டால் அதைக் கயிற்றில் கட்டி என் கடைக்குத்தான் இழுத்து வருவார்கள், அப்பா எண்ணிக்கொள்வார். ஓடிப்போய் முதல் ஆளாகத் தோள் கொடுத்தேன். சிங்கிடிக் கட்சியினர் ஆரவாரமாகப் பின்னால் வந்தார்கள். ஆள் போதவில்லை. இலிஷ் கட்சியினர் முப்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு நடைபாதையில் நின்றார்கள். கான்ட்ராக்டர் கெஞ்சினார். கூட்டத்திலிருந்து ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அந்த கோலைச் சொன்ன காரை நாங்க தள்ளணுமா? அது இங்கேயே கிடந்து சாகட்டும்."

கரண்ட் பாய்ந்த சாம்பார்

சஷ்டி வந்துவிட்டது. அன்று அப்பா பிற்பகலிலேயே வந்து கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ராத்திரி எட்டு மணிக்குக் கடையை மூடும்வரை இருந்து தீர்ப்புச் சொல்வதாக ஏற்பாடு. நாலு மணிக்கு ஒரு கறுப்புக் கார் திரும்பியது. லேக் கார்டன்ஸில் இருந்த அப்பாவின் ஆபீசருடையது.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான கார்களில் பேட்டரியின் மைனஸ் காரின் உடம்போடு சேர்ந்திருக்கும். சில பழைய சீமைக் கார்களில் பிளஸ் சேர்ந்திருக்கும்; இது அந்த ஜாதி. ஆம்ப்ளிபயரின் தகரப் பெட்டியோ மைனஸ். அந்தப் பெட்டி காரின் உடம்பைத் தொட்டால் தீபாவளிதான். அதனால் வீட்டிலிருந்து ஒரு மரமணையைக் கொண்டுவந்து, டிக்கியில் அதன்மேல் ஆம்ப்ளிபயரை வைத்து ஸ்க்ரூ போட்டிருந்தேன். மேலே ஒரு மரமூடியும் போட்டிருக்க வேண்டும். சோம்பேறித்தனம், போடவில்லை.

ஆபீசர் நெற்றி நிறைய விபூதியோடு இறங்கினார். அப்பா ஸ்டூலை விட்டு எழுந்து, "கம்ப்ளெயிண்ட்டா சார்?" என்றார். அதில் இருந்தது ஆசையா பயமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"கம்ப்ளெயிண்ட் கிடக்கட்டும் ஓய்! பஜனை சமாராதனைக்கு டிக்கியிலே சாம்பார் தவலை எடுத்துண்டு போறேன். வளைவிலே தவலை நகர்ந்து உம்ம பிள்ளையோட பெட்டியிலே இடிச்சுது. படார்னு ஒரு பொறி, பாட்டு நின்னு போச்சு. அங்கே நாப்பது பேர் இலை முன்னாடி உட்கார்ந்திண்டிருக்கா. கரண்ட் பாஞ்ச சாம்பாரைப் பரிமாறலாமா, கூடாதா? அதைச் சொல்லுங்கோ மொதல்லே!"

தவலை பெட்டியையும் டிக்கியின் தகரத்தையும் ஒருசேரத் தொட்டிருக்கிறது, பியூஸ் போயிருக்கிறது, அவ்வளவுதான். வெறும் பன்னிரண்டு வோல்ட், சாம்பாருக்கு ஒன்றும் ஆகாது, மூடி போடாதது என் தப்பு என்றேன். ஆபீசர் நம்பவில்லை. "நீ அப்படித்தான் சொல்லுவே. ஒயர் பண்ணினவனே நீதானே?"

அப்பா ஆபீசரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நைவேத்யம் ஆயாச்சா சார்?" என்று கேட்டார். "அதெல்லாம் ஆத்திலேயே ஆயாச்சு" என்றார் ஆபீசர். அப்பா நேராக டிக்கிக்குப் போய், தவலையைத் திறந்து, ஒரு கரண்டி சாம்பாரை எடுத்து உள்ளங்கையில் விட்டுக்கொண்டார். வீட்டில் ஈரக் கையோடு ஸ்விட்ச் இருக்கிற சுவர்ப் பக்கமே போகாத மனிதர். வோல்ட்டைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது, என்னைத்தான் தெரியும். கண்ணை இறுக மூடிக்கொண்டு குடித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு, இருபத்தாறு வருஷமாக அந்த ஆபீசில் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர், கண்ணைத் திறந்து சொன்னார்: "கரண்ட் இல்லே சார். உப்புதான் கொஞ்சம் கம்மி."

ஆபீசர் சாம்பாரோடு பறந்தார். எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, அப்ளிகேஷனில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன். தப்பு என்னுடையது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. அப்பா குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆபீசில் பைலுக்குக் குறிப்பு எழுதுகிற அதே குரலில் சொன்னார்: "வந்த கம்ப்ளெயிண்ட் சாம்பாரைப் பத்தி. அதைப் பண்ணினது நீ இல்லே. நாளைக்கு அந்த மூடியைப் போட்டுக் குடுத்துட்டு வா."

இத்தனை வருஷத்தில் நான் ஒயரைச் சரியாக மாட்டிய கார்கள் எத்தனை என்று எனக்கே தெரியாது. தப்பாக மாட்டிய ஒவ்வொன்றுக்கும் யாராவது ஒரு பெரிய மனுஷர் வந்து வாய்த்ததால்தான் பிழைப்பு ஓடியது.