ஆடிக்கு நான், நோன்புக்கு பாய்

மணவறை அலங்காரச் சாமான்களை வைக்க இன்று சுங்கை பட்டாணி டவுனில் ஒரு ஸ்டோர் ரூம் எடுத்தேன். எடுத்த கதையைக் கேளுங்கள்.

கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள்: “அக்கா, கம்பெனி பேர்ல எடுத்தா ஒரு வருஷ அக்ரிமென்ட். மாசா மாசம் கார்டுல வெட்டிக்கும். நடுவுல ரூம் சைஸ் மாத்த முடியாது.”

“அது எப்படிம்மா? ஆடியிலயும் மார்கழியிலயும் கல்யாணமே இல்ல. எல்லா சாமானும் உள்ள இருக்கும், பெரிய ரூம் வேணும். மத்த மாசம் பாதி சாமான் மண்டபத்துலதான் கிடக்கும். காலி இடத்துக்கு நான் ஏன் கட்டணும்?”

பின்னால் நின்ற பாய் சிரித்துவிட்டார். கல்யாணங்களுக்குக் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுபவராம்.

“எனக்கும் அதே தலைவலிதான் தங்கச்சி. நோன்பு மாசம் பூரா என் சாமான் உள்ள. ஆடியில எங்க ஆளுங்க கல்யாணம் நடக்கும், எல்லாம் வெளியில லா.”

நான் யோசிக்கவே இல்லை. “அப்போ பெரிய ரூமா ஒண்ணு எடுப்போம் பாய். வாடகை ஆளுக்குப் பாதி.”

அந்தப் பெண் மேனேஜருக்கு போன் போட்டாள். ஒப்பந்தம் என் கம்பெனி பெயரில், கார்டும் என்னுடையது, சாவி இரண்டு பேரிடமும். முடிந்தது வேலை.

வெளியே வந்ததும் பாய் மெதுவாகச் சொன்னார்: “தங்கச்சி, நோன்பு வருஷா வருஷம் பத்து பதினோரு நாள் முன்னாடியே வருது. இன்னும் கொஞ்ச வருஷத்துல மார்கழியிலதான் வந்து நிக்கும்.”

நிற்கட்டும். அந்த மாதம் மணவறையும் கூடாரமும் சேர்ந்தே ரூமுக்குத் திரும்பும், இரண்டும் உள்ளே அடங்காது. பக்கத்து ஊர் குருண் பக்கம் வீட்டு முன்னால் காலி கார் போர்ச் வைத்திருப்பவர்கள் இப்போதே கமெண்டில் பெயர் கொடுங்கள்.