மருந்து எந்தக் கோட்டில் நிற்கிறது?

மட்டாஞ்சேரியில் நான் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில், கண்ணில் புரை படர்ந்த ஓர் அம்மையார் வாழ்ந்தார். நோயுற்றுப் படுத்திருந்த கணவருக்குரிய இன்சுலினை ஊசியில் ஏற்றி, நிமிர்த்திப் பிடித்தபடி காலைதோறும் என்னிடம் வருவார்.

"சாரே, மருந்து எந்தக் கோட்டில நிக்குது?"

பின்னர் எதிரிலிருந்த சாயாக்கடைக்காரரிடமும் அதையே வினவுவார். வேண்டிய அளவை மட்டும் எங்களிடம் கூறியதே இல்லை.

"அளவைச் சொன்னால் எளிதல்லவா, அம்மா?" என்றேன் ஒருமுறை.

"சொன்னா, பாவம்னு நினைச்சு சரின்னு தலையாட்டிடுவீங்க சாரே. மருந்து கூடிப்போனா அவரு மயங்கிடுவாரு."

ஒரு காலையில் எங்கள் இருவர் விடைகளும் வேறுபட்டன. அம்மையார் அம்மருந்தைக் கொட்டிவிட்டு, புதிதாக ஏற்றி வந்தார். இம்முறை இருவரும் ஒன்றையே சொன்னோம்.

"முன்பு தவறியது யார் கண், அம்மா?"

"சாரு கண்ணும் நல்ல கண்ணு, சாயாக்கடை சேட்டன் கண்ணும் நல்ல கண்ணு" என்று கூறிக் கணவரிடம் விரைந்தார்.

அவ்வாரமே நான் புதிய மூக்குக்கண்ணாடி வாங்கினேன். அதை அணிந்து சாயா அருந்தச் சென்றபோது, கடைக்காரரும் புதுக்கண்ணாடி அணிந்திருந்தார்.