நாலு வரிசைப் பட்டினி

உரக்கடைக்காரரின் தங்கைக்கு மக்காச்சோளம் என்றால் உயிர். அண்ணன் விற்கிற யூரியாவை வாங்குவதற்கு முன் ஆயிரம் யோசித்து அவரைப் பாடாய்ப் படுத்தியவளும் அவள்தான்.

புகுந்த வீட்டுக்கு இரண்டு நிலம். மேலே மணல் கலந்த மேடு. கீழே வாய்க்காலை ஒட்டிய களிமண் பள்ளம். இரண்டுக்கும் ஒரே அளவு உரம் போடுவதுதான் மாமனார் காலத்திலிருந்து வந்த வழக்கம். அவள் வந்த இரண்டாம் வருஷம் மூன்று நாள் அடைமழை பெய்தது. மேட்டுச் செடிகளின் அடியிலைகள் நுனியிலிருந்து நடுநரம்போடு மஞ்சளித்தன. வடிகால் வெட்டியிருந்த பள்ளத்தில் செடிகள் கரும்பச்சையாக நின்றன.

"ஒரே அளவுதானே ரெண்டுலயும் போட்டோம்?" என்று கணவரைக் கேட்டாள்.

"மண்ணு வேற, அவ்வளவுதான்."

அந்த ‘அவ்வளவுதான்’ அவளுக்குப் போதவில்லை. அடுத்த விதைப்பில் ஒவ்வொரு நிலத்திலும் நாலு வரிசைக்கு யூரியாவே போடாமல் விட்டாள். பக்கத்திலேயே நாலு வரிசைக்குத் தாராளமாகப் போட்டாள். இரண்டையும் ஒப்பிட்டால் மண் தானாக எவ்வளவு தருகிறது என்று தெரிந்துவிடும் அல்லவா? ஊர் சும்மா இருக்குமா, ‘பட்டினிக்காரி’ என்று பேர் வைத்துவிட்டது.

"வீட்டுக்காரருக்காவது சோறு போடுறியா?" என்று கேட்டார் பக்கத்து நிலத்துக்காரர்.

"அவர் விருந்து வரிசைல இருக்காரு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

ஒவ்வொரு அறுவடையிலும் அந்த வரிசைகளைத் தனியாக உதிர்த்து நிறுத்தாள். மழை, வெயில், முந்தின பயிர், எடை எல்லாவற்றையும் பழைய காலண்டர் தாள்களின் முதுகில் எழுதினாள். ஆறு வருஷத்தில் எந்த இரண்டு வருஷமும் ஒத்துப்போகவில்லை.

"இதுல என்னத்தைக் கண்டே?" என்றார் கணவர்.

"ஒத்துப்போகலைங்கிறதைத்தான் கண்டேன்."

ஏழாம் வருஷம் பள்ளத்தில், மண்ணுக்குச் சத்து சேர்க்கும் தட்டைப்பயறு எடுத்துவிட்டு மக்காச்சோளம் விதைத்தார்கள். முதல் உரம் போட்ட கையோடு ஒரு பெருமழை, பிறகு இதமான வெயில். செடி இடுப்பளவு வந்தபோது, பள்ளத்தில் பட்டினி வரிசைக்கும் விருந்து வரிசைக்கும் பச்சையில் வித்தியாசமே தெரியவில்லை. மேட்டிலோ மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பள்ளத்துக்கு இரண்டாம் தடவை போடுகிற மேலுரம் வேண்டாம், மேட்டுக்கு வழக்கத்தைவிட அரை மூட்டை கூடுதல் என்று சொல்லிவிட்டாள்.

அண்ணன் கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார். "யூரியா விக்கிறவன் தங்கச்சியே யூரியா வேண்டாங்கிறாளாம்னு ஊரு சிரிக்குது. கதிர் மணி பிடிக்காமப் போனா யாரு பொறுப்பு?"

"நான்தான் அண்ணே. மேட்டுக்கு அதிகமாக் கேக்குறேனே, அதைச் சொல்லிச் சிரிக்கலையா?"

கணவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உர மூட்டையை மிதிவண்டியில் ஏற்றி மேட்டுக்கே தள்ளிக்கொண்டு போனார். அதை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

அதற்குப் பிறகு சில வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் பள்ளத்தில் இறங்கி இலையைத் தடவிப் பார்த்துவிட்டு வந்தாள்.

அறுவடையன்று, சேதி கேள்விப்பட்டு வேளாண்மை அலுவலர் தராசோடு வந்தார். அவர் கையிலிருந்த பரிந்துரைத் தாளில் எல்லா நிலத்துக்கும் ஒரே அளவுதான் அச்சாகியிருந்தது. பள்ளத்தில் மேலுரம் போடாத வரிசைகளும் விருந்து வரிசைகளும் எடையில் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றன. மேடு அக்கம்பக்கத்து மேட்டு நிலங்களையெல்லாம் முந்திவிட்டது. அலுவலர் காலண்டர் தாள்களை வரப்பிலேயே உட்கார்ந்து படித்தார். "இதை நீங்களே விவசாயிங்க கூட்டத்துக்கு வந்து சொல்லணும்மா" என்றார்.

கூட்டத்தில் முதல் கேள்வியே, "ஏக்கருக்கு எத்தனை மூட்டை?"

"எந்த நிலம்? முன்னாடி என்ன பயிர்? உரம் போட்டப்புறம் மழை எப்படி?"

"நாங்க கேட்டா நீங்க திருப்பிக் கேக்குறீங்களே."

"உங்க நிலத்தைத்தான் கேக்கணும். நாலு வரிசை விட்டுப் பாருங்க, அது சொல்லும். ஆனா போன வருஷம் சொன்னதையே இந்த வருஷமும் சொல்லாது. வருஷா வருஷம் கேக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. சிலர் பேனாவைத் தேடினார்கள்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணன், பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, "என் தங்கச்சி" என்றார். "தெரியுமே" என்றார் அவர். அண்ணன் விடுவதாக இல்லை. "கூடப் பொறந்தவ" என்று இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.